பெயிண்டுக்கு மேல போட்ட வெல்டிங்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில உக்காந்திருக்கும். அதை நானே ஒத்துக்கிறேன். ஆனா போன வருஷம் டிரெய்லரோட முன் சட்டம் உடைஞ்சதுக்கு நான் காரணம்னு யாராவது சொன்னா சும்மா விட்டதே இல்ல. பழியெல்லாம் பழைய ராடு வெல்டிங் மிஷின் மேலதான். "அந்த ஓட்டை மிஷினை வச்சுக்கிட்டு எவனாலயும் ஒழுங்கா ஒட்ட முடியாது"ன்னு கேட்டவங்ககிட்டயும் கேக்காதவங்ககிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்.

முன் சட்டம்னா டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு. மேட்டுல ஏறும்போது நான் போட்ட வெல்டிங் விட்டுப்போச்சு. டிரெய்லர் பின்னால உருண்டுது. மூட்டை மேல உக்காந்திருந்த என் பொண்டாட்டி குதிச்சதுல கணுக்கால் முறிஞ்சு ரெண்டு மாசம் கட்டு. எலும்பு சேர்ந்துடுச்சு. ஆனா அதுக்கப்புறம் அவ எந்த டிரெய்லர்லயும் ஏறல. பக்கத்து வயல்காரரோட டிரெய்லரைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன், அதுலயும் ஏறல. வயலுக்கும் வீட்டுக்கும் ரெண்டு மைல். வெயிலோ மழையோ, தலையில துணியைப் போட்டுக்கிட்டு நடந்தே வருவா. கேட்டா, "நடந்தா உடம்புக்கு நல்லதுங்க"ம்பா. நான் டிராக்டர்ல அவளைத் தாண்டிப் போகணும். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்கங்கிறது கிடக்கட்டும், எனக்கே மனசு தாங்கல.

அதான் மிக் வெல்டிங் மிஷின் ஒண்ணு வாங்கிடலாம்னு கிளம்பினேன். வயர் தானா வந்துக்கிட்டே இருக்கும், அடிக்கடி ராடு மாத்துற தொல்லை இல்ல. அவளும் வந்தா, உடைஞ்ச சட்டத்துல ஒரு துண்டைச் சாக்குல சுத்தி எடுத்துக்கிட்டு.

"அது எதுக்கு?"

"எதை ஒட்டணும்னு கடைக்காரருக்குத் தெரிய வேணாமா?"

கடைக்குள்ள நுழைஞ்சதும் எனக்குப் பெருசுதான் கண்ணுல பட்டுது. இடுப்பு உயரம், கீழ சக்கரம், பின்னால சிலிண்டர். "இதையே குடுத்துடுங்க"ன்னேன்.

கடைக்காரர் சின்ன வயசு, ஆனா பேச்சு நிதானம். "அண்ணே, இதுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வேணும். உங்க வீட்டுல?"

"சிங்கிள் பேஸ்"னு என் பொண்டாட்டி முந்திக்கிட்டா.

"எங்க வச்சு ஒட்டுவீங்க?"

"வாசல்லயும் வயல்லயும்தான். செவுரே கிடையாது. காத்து ஆளையே தள்ளும்"னா அவளே.

"அப்ப கேஸை மட்டும் நம்பாதீங்க அண்ணி. ஒட்டுற இடத்தை மூடிக் காக்கத்தான் கேஸு. காத்து அதைக் கலைச்சுடும், ஒட்டின இடம் பொத்தல் பொத்தலா வரும்." அவர் காட்டினது ஒரு கையால தூக்குற மாதிரி மிஷின், இருநூறு ஆம்பியர். கொட்டகைக்குள்ள மெல்லிசான தகடுன்னா கேஸ் வச்சு ஒட்டலாம். வெட்டவெளியில கேஸே வேண்டாம், உள்ளேயே பவுடர் அடைச்ச வயர் இருக்காம், அந்தப் பவுடர் எரிஞ்சே ஒட்டுற இடத்தை மூடிக்குமாம். "வயரை மாத்தினா மூடிக்குள்ள இருக்கிற பிளஸ் மைனஸையும் மாத்தணும், மறந்துடாதீங்க."

எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. "இந்தத் தம்மாத்துண்டு மிஷின் தாங்குமா? போன தடவை மிஷின் சரியில்லாமத்தான் இவ கால் உடைஞ்சுது!"

அவ சாக்கைப் பிரிச்சா. கடைக்காரர் துண்டை வெளிச்சத்துல திருப்பிப் பார்த்து, உடைஞ்ச இடத்தை நகத்தால சுரண்டினார். பச்சை பெயிண்ட் உதிர்ந்துது.

"பெயிண்டைக்கூடத் தேய்க்காம ஒட்டியிருக்காங்க அண்ணே. வெல்டிங் மேலாக்க உக்காந்திருக்கு, இரும்புக்குள்ள இறங்கவே இல்ல. எந்த மிஷினா இருந்தாலும் விட்டிருக்கும். யாரு ஒட்டினது?"

'ஒரு அரைகுறை ஆளு'ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவ என்னைப் பார்க்கல. பெரிய மிஷினோட சக்கரத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. நான் ஒட்டின அன்னைக்கு, பெயிண்டைத் தேய்க்கிற கிரைண்டரை அவ கொண்டுவந்து நீட்டினது ஞாபகம் வந்துது. "மழை வருது, போ அந்தாண்ட, எல்லாம் எனக்குத் தெரியும்"னு விரட்டினேன். ஒரு வருஷத்துல ஒரு தடவைகூட அவ அதைச் சொல்லிக்காட்டல.

"நான்தான் ஒட்டினேன். இவ தேய்க்கச் சொன்னா, நான் கேக்கல."

கடைக்காரர் சங்கடப்பட்டு பேனாவைத் தேடினார். அவதான் பேசினா. "சின்னதே போதும்ங்க. கூடவே கிரைண்டருக்குத் தேய்க்கிற தட்டு அஞ்சு குடுங்க."

"அஞ்சு எதுக்கு?"

"பத்தா வாங்கிக்கலாமா?"

நான் பணத்தை எடுத்து எண்ணினேன்.

ஒரு வாரம் வேண்டாத இரும்புல ஒட்டிப் பழகினேன். அவ சுத்தியலோட பக்கத்துலயே நின்னா. மொத நாள் பொறி பறந்துதே தவிர ஒண்ணும் ஒட்டல. "பிளஸ் மைனஸ்"னா. அடச்சீ, மறந்தே போச்சு! மாத்தினேன். ஒட்டினதையெல்லாம் அவ அடிச்சுப் பார்த்தா. ஏழு உடைஞ்சுது, எட்டாவது வளைஞ்சுதே தவிர விடல. அதுக்கப்புறம் போட்டது ஒண்ணும் உடையல. பிறகுதான் சட்டத்தைத் தொட விட்டா. பளபளன்னு தேய்ச்சு, உள்ள வரைக்கும் இறங்குற மாதிரி விளிம்பைச் சாய்வா சீவி, மூணு அடுக்கு வெல்டிங் போட்டேன்.

அறுவடை மூட்டையை ஏத்தி டிரெய்லரை மாட்டினதும், ஏறுன்னு அவகிட்ட சொல்ல நாக்கு எழும்பல. அவ நேரா போய் டிராக்டர் சீட்டுல உக்காந்தா. உழவுக்கு அவளும் ஓட்டுறவதான்.

"நீங்க மூட்டை மேல ஏறுங்க. நான் ஓட்டுறேன்."

"நானா?"

"ஒட்டினவர்தானே உக்காந்து பார்க்கணும்?"

அதே மேடு. மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். கீழ ஒவ்வொரு சத்தத்துக்கும் சட்டத்தை எட்டி எட்டிப் பார்த்தேன். பாதி மேட்டுல அவ வண்டியை நிறுத்தினா. அடிப்பாவின்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள வெடுக்குனு ஒரு இழு இழுத்து மறுபடியும் கிளப்பினா. சட்டம் அசையல. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டிடுச்சு.

மேட்டு உச்சியில நிறுத்தி, இறங்கி வந்து என் மூஞ்சியைப் பார்த்தா.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்கு ஒரு வருஷமா இருந்துச்சு."

நான் நகர்ந்து இடம் விட்டேன். அவ டிரெய்லர் சக்கரத்துல கால் வச்சு ஏறி என் பக்கத்துல வந்து உக்காந்தா.

"போய் ஓட்டுங்க, மெதுவா. நடந்து நடந்து கால் வலிக்குதுங்க."