சிவப்புத் துணி கட்டிய பை

நானூற்று முப்பத்தைந்து ரூபாய். காட்டுக்குள் இருக்கிறவர்கள் எல்லப்பனுக்குத் தரவேண்டிய கடன் அது. கொடுத்த கடன் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து நடுங்கினவன் சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

சம்பளத்துக்கு மறுநாள் சாயங்காலம், மழை விட்ட நேரம். கடையில் அரிசி, பருப்பு, சீனி, வெங்காயம் வாங்கிக்கொண்டு காட்டோரக் குறுக்குப்பாதையில் ஏறி வந்தான். வளைவில் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண்பிள்ளை. மூன்று தோளிலும் துப்பாக்கி. அரசாங்கத்தோடு சண்டை போடுகிற ஆட்கள் காட்டில் திரிகிறார்கள், காட்டு வாட்சர் ஒருத்தரைச் சுட்டுப் போட்டதும் அவர்கள்தான் என்று ஊரில் பேச்சிருந்தது. அன்றைக்குத்தான் நேரில் பார்த்தான்.

ஆண்கள் இருவரும் கிட்ட வந்தார்கள். மூட்டையை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண்தான் கேட்டாள்.

"எவ்வளவு அண்ணே ஆச்சு?"

ஒன்றும் வேண்டாம் தாயி என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கலாம். கடையில் விட்ட காசு நெஞ்சிலேயே இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நானூத்தி முப்பத்தஞ்சு."

"இப்ப கையில இல்ல. கட்டாயம் தந்துருவோம்." அவள் அவன் தோளில் தொங்கின சோத்துப்பையைப் பார்த்தாள். பையின் காதில் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. லேசாகச் சிரித்தாள். "எங்கம்மாவும் பையில இப்படித்தான் துணி கட்டும்."

அவ்வளவுதான். மூன்று பேரும் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு எதற்கு என்று லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எல்லப்பனுக்கு உறைத்தது. தோட்டத்தில் வேலைக்குப் போகிற எல்லாரும் சோத்துப்பையைச் சில்வர் ஓக் மரத்துக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் தேயிலை மலைக்குள் இறங்குவார்கள். எது யார் பை என்று தெரிய ஆளுக்கொரு அடையாளம். அடுத்தவர் பையை யாரும் தொடமாட்டார்கள். அந்தப் பெண்ணும் தோட்டத்துப் பிள்ளைதான். காசைக் கொண்டுவந்து எதில் போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"உன்னைய யாரு தொகையச் சொல்லச் சொன்னது?" தெய்வம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கடங்காரங்கிட்டச் சொல்றாப்புல சொல்லிட்டு வந்து நிக்கிற!"

"கேட்டா, சொல்லிட்டேன் புள்ள."

"தினகரனுக்குத் தெரியவேணாம். வயசுப் பையன். ஸ்டாண்டுல எவங்கிட்டயாச்சும் உளறிருவான்."

தினகரன் அவர்களுடைய ஒரே மகன். கூடலூரில் ஆட்டோ ஓட்டினான். வயசு இருபத்து மூன்று. அந்த வயசுதான் எல்லப்பனைக் கொன்றது. சிலோனில் அவன் அண்ணன் முத்துராஜை லயத்திலிருந்து ஆமிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனபோதும் அதே வயசு. யாரோ நாலு இயக்கப் பொடியன்களுக்கு ஒரு பானை சோறு கொடுத்தானாம். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். அம்மா இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயசு எல்லப்பன்தான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

அடுத்த வாரமே படை வந்து இறங்கியது. பழைய ஃபேக்டரி ஸ்டோரில் கேம்ப். பச்சை உடுப்பு, நாய், வாக்கி டாக்கி. அவர்கள் என்ன படை, யாருக்குக் கீழே என்றெல்லாம் எல்லப்பனுக்குத் தெரியாது. அவனுக்கு எல்லாரும் ஆமிதான்.

அன்றைக்கிருந்து பையை மரத்தில் மாட்டுவதை விட்டான். முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டே கவாத்து வெட்டினான். குனிந்து செடியை வெட்டும்போதெல்லாம் தூக்குச்சட்டி விலாவில் இடித்தது.

பக்கத்து மலையில் கொழுந்தெடுக்கிற இசக்கியம்மா சும்மா இருப்பாளா?

"என்ன எல்லப்பண்ணே, தெய்வம்மா கறியும் மீனுமாப் போட்டு அனுப்புதாளோ? முதுக விட்டு எறக்க மாட்டேங்கியள!"

"குரங்கு தூக்கிருது தாயி."

"எங்க பையெல்லாம் குரங்குக்குப் புடிக்கலையாக்கும்!"

கொழுந்தெடுத்த பெண்கள் சிரித்தார்கள். ரோட்டில் நின்ற படை அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்தார். வயசு முப்பதுக்குமேல் இருக்காது. முகம் நல்ல முகம்தான்.

"பையில என்ன பெரியவரே?"

"ரொட்டியும் சம்பலும் ஐயா."

அதிகாரி பையை வாங்கித் திறந்து பார்த்தார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான் இருந்தன. திரும்பக் கொடுக்கவில்லை. தானே கொண்டுபோய்ச் சில்வர் ஓக் கிளையில் மாட்டினார்.

"நாளையிலருந்து எல்லாரையும் மாதிரி இங்க மாட்டுங்க. குரங்கு வருதான்னு நாங்க பாத்துக்கறோம்."

மறுநாளிலிருந்து மரத்துக்கு எதிரே பாறைக்குப் பின்னால் இரண்டு துப்பாக்கிகள் காத்திருந்தன. எல்லப்பன் செடியைப் பார்த்து வெட்டவில்லை. சிவப்புத் துணியைப் பார்த்தே வெட்டினான். ஒருமுறை கத்தி விரலில் இறங்கியது. அவள் வந்தால் கண்ணெதிரே சுட்டுவிடுவார்கள். சுட்டபிறகு, இது யார் பை என்று கேட்பார்கள். அதற்கப்புறம் லயத்துக்கு வருவார்கள். வீட்டில் இருப்பது தினகரன். வராதே தாயி, எனக்கு அந்தக் காசே வேண்டாம் என்று தேயிலைக்குள் முனகிக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தினகரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னான்: "இந்த மாதிரி உள்ள பூந்து அடிச்சாத்தாம்பா அடங்குவாங்க. மூணு மாசத்துல சுத்தமாக்கிருவோம்னு ஆபீசர் சொல்றாரு."

"சிலோன்லயும் மூணு மாசம்னுதான்டா சொன்னாங்க."

"ஆனா கடைசில முடிச்சாங்கல்ல? அடிச்சுத்தான முடிச்சாங்க? பேசியா முடிச்சாங்க?"

"முடிச்சாங்க. எனக்கு மீசை நரைச்ச பொறகு முடிச்சாங்க. ஒங்க பெரியப்பன் வந்து சேரலயே."

"அப்ப அந்த வாட்சரச் சுட்டானுங்களே, அவரு பிள்ளைங்களுக்கு என்னப்பா சொல்றது? போனாப் போகுதுன்னா?"

அந்தப் பிள்ளைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கும்? எல்லப்பன் தேத்தண்ணி டம்ளரைக் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். தெய்வம்மா கண்ணால் அடக்கினாள். பேச்சை விடு என்று அர்த்தம்.

பையைத் தேடி யாரும் வரவில்லை. மழை வந்தது, அட்டை வந்தது, பாறைக்குப் பின்னால் ஆள் மாறி மாறி உட்கார்ந்தார்கள். கவாத்து வெட்டின மலையில் குச்சிகளின் முனையில் பச்சை எட்டிப்பார்க்க ஆரம்பித்தபோது, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் காட்டில் சண்டை நடந்ததாகச் செய்தி வந்தது. தினகரன் போனை நீட்டினான்.

"பாருப்பா. மூணு பேரும் காலி."

ஈர இலைமேல் மூன்று உடம்புகள். ஓரத்தில் கிடந்தது அவள். கண் மூடவில்லை. எவ்வளவு அண்ணே ஆச்சு என்று கேட்டபோது இருந்த அதே கண். எல்லப்பன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தபோது தெய்வம்மா சொம்புத் தண்ணீரோடு நின்றாள்.

"போயிருச்சு," என்றாள் மெதுவாக. "இனி ஒண்ணுமில்ல. காச யாரு கொண்டு வரப்போறா?"

அதைக் கேட்டதும் அவன் நெஞ்சு லேசானது. லேசானதே அவனுக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டான்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வேலை நடக்கிற மலைக்கே வந்தார். எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். கேம்ப்பைக் காலி செய்கிறார்களாம்.

"முடிஞ்சுது பெரியவரே. ஒருத்தன் மிச்சமில்ல. இனி பையத் தைரியமா மாட்டுங்க."

"சரிங்க ஐயா."

"கடைசி வரைக்கும் உங்க குரங்கு வரவேயில்ல பாருங்க!"

இந்தத் தடவை எல்லப்பனும் சிரித்தான். பாறைக்குப் பின்னால் யாரும் இல்லை. மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே பையை மாட்டினான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வெட்டினான். கை தன் வேகத்துக்குப் போனது.

மத்தியானச் சங்கு ஊதியது. மரத்தடியில் எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லப்பனும் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டான்.

தூக்குச்சட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுக்கவில்லை. பைக்குள்ளேயே விரித்துப் பார்த்தான். நாலு நூறு. ஒரு இருபது. ஒரு பத்து. ஒரு அஞ்சு ரூபாய் நாணயம். நோட்டுகள் ஈரமில்லாமல், மடிப்புக் கலையாமல் இருந்தன.

தொகை அவனுக்கும் தெய்வம்மாவுக்கும் தெரியும். அந்த மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் ஈர இலைமேல் கிடந்ததை அவனே பார்த்தான். அப்படியானால் சாவதற்கு முன்னால் அவள் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். சிவப்புத் துணி கட்டின பை, நானூற்று முப்பத்தைந்து, மறந்துவிடாதே என்று. அந்த யாரோ இன்றைக்குக் காலையில் இந்த மரத்தடிக்கு வந்துபோயிருக்கிறார்கள்.

எல்லப்பன் காட்டோரத்தைப் பார்த்தான். ஓர் இலைகூட அசையவில்லை. அப்புறம் மரத்தடியைப் பார்த்தான். இசக்கியம்மா ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் குனிந்து தின்றார்கள். காட்டிலிருந்துதான் வந்தார்களா? இல்லை இங்கேயே உட்கார்ந்து தின்கிறவர்களில் ஒருத்தரா?

"என்னண்ணே, பேயக் கண்டாப்புல இருக்கிய? குரங்கு தின்னுட்டுப் போயிட்டா?"

"இல்ல தாயி," என்றான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

கீழே ரோட்டில் படையின் லாரிகள் கூடலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. முன் ஜீப்பிலிருந்து அதிகாரி கையாட்டினார். கூவிச் சொன்னால் காதில் விழுகிற தூரம்தான். சொன்னால் லாரி திரும்பும். திரும்பினால் முதலில் லயத்தைத்தான் சுற்றி வளைப்பார்கள். எல்லப்பன் ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறு கையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. தினகரன் கயிற்றுக் கட்டிலில் போனைப் பார்த்தபடி படுத்திருந்தான். எல்லப்பன் தெய்வம்மாவை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அவள் உள்ளங்கையில் கவரை வைத்தான்.

"என்ன காசு இது?"

"அரிசிக் காசு. தீந்துருச்சு. இனி நமக்கு யாரும் தரவேண்டியதில்ல."

தெய்வம்மா விரலால் எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவள் முகம் மாறியது. காசை அப்படியே அடுப்புத் திண்டில் வைத்துவிட்டு முன்னால் போய், பட்டப்பகலில், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.