தட்டு

ஜோசபின் மிஷன் பள்ளிக்கூட ஹாலில் ஆறு மாதமாக ஜூஜிட்சு மல்யுத்தம் பழகிக்கொண்டிருந்தாள். அங்கே மாறாத சட்டம் ஒன்று உண்டு. பிடியில் மாட்டியவர் தரையைத் தட்டினால், பிடித்தவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். தட்டாதவரை விடக்கூடாது.

கப்பலூர் பஸ் ஸ்டாப்பில், பட்டப்பகலில், லேத் பட்டறைச் சுருளி அவள் சடையைக் கையில் சுற்றி இழுத்தான்.

"ஒரு வருசமா பின்னாடி வாரேன். திரும்பிப் பாக்க மாட்டியாடி?"

திரும்பினாள். அவன் சட்டையைப் பற்றி, இடுப்பில் ஏற்றி, தார் ரோட்டில் அறைந்தாள். வாயில் ரத்தம் வழிய எழப் பார்த்தவனின் வலக்கையை நீட்டிப் பிடித்து, முழங்கைக்கு அடியில் தன் முழங்காலைக் கொடுத்து, மணிக்கட்டைக் கீழே அழுத்தினாள்.

"ஐயோ, விடு தாயி! செத்தேன்!"

"தட்டுடா! தட்டு, விடுறேன்!"

சுருளி பிறந்து வளர்ந்த தெருவில் தட்டு என்றால் அடி என்றுதான் அர்த்தம். சவால் விடுகிறாள் என்று நினைத்து, இடக்கையால் அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். காதுக்குள் கொய்யென்றது.

வந்தது பாருங்கள் கோபம்! உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்த மணிக்கட்டில் இறக்கினாள். முழங்கை முருங்கைக் கொப்பாய் முறிந்தது.

அலறக்கூட முடியாமல், சுருளி இடது உள்ளங்கையால் ரோட்டைப் பட்பட்டென்று அடித்துக்கொண்டு துடித்தான்.

"இதத்தாண்டா அப்பவே சொன்னேன்" என்று ஜோசபின் கையை விட்டாள்.