மயில்கழுத்து மையில் ஒரு பிள்ளையார் சுழி

தோட்டத்து லாரியை ஆட்களோடு கேட்டிலேயே மடக்கி நிறுத்திய பெருமை என்னுடையது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள்கூட அந்த வேலையை அத்தனை சுத்தமாகச் செய்ததில்லை. அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டியிருந்தது. எனக்கு ஒரு பவுண்டன் பேனா போதும்.

மலாயாவில் எமர்ஜென்சி காலம். ரெம்பியா பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. லாரியில் வெளியே போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாஸ் வேண்டும். அதை எழுதிக் கொடுப்பவன் ஆபீஸ் குமாஸ்தாவான சின்னக் கிராணி நான்.

அந்த வாரம் அலோர் காஜாவில் ஒரு சீனர் கடையில் புது மைப் புட்டியைப் பார்த்தேன். நீலமா பச்சையா என்று அதற்கே தெரியாத நிறம். சேலைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே, அது. ஆபீசில் கருநீல மையைத் தவிர வேறு எதுவும் கூடாது. அது தெரிந்ததால்தான் வாங்கினேனோ என்னவோ.

சனிக்கிழமை பெரிய கிராணி வீட்டுக்குக் கிளம்பியதும் பேனாவைக் கழுவி மையை நிரப்பினேன். புது மையில் பிள்ளையார் சுழி போடாமல் எந்தத் தமிழன் எழுதுவான்? மேசைமேல் கிடந்ததோ மறுநாள் லாரிக்கான பாஸ்கள். முதல் பாஸின் தலையில் ஒரு சுழி போட்டேன். ஈரத்தில் மினுமினுத்தது, காய்ந்ததும் ஓரத்தில் லேசாகச் சிவந்தது. எனக்குக் கிறுகிறுத்துப் போயிற்று. எல்லாப் பாஸுக்கும் ஒவ்வொன்று போட்டேன். இருசம்மாளின் பாஸ் வந்தபோது, நீண்ட வாலோடு பெரிதாக ஒன்று போட்டு, ஊதி ஊதிக் காயவைத்தேன்.

அந்த லாரியே இருசம்மாளுக்காகத்தான். வெளியாள் தோட்டத்துக்குள் வந்து பெண் பார்க்க அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் மாப்பிள்ளை வீட்டார் அலோர் காஜா கோயிலில் காத்திருப்பார்கள். பெண்ணை அவள் வீட்டார் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டுவார்கள். அவளுடைய அப்பா, கூலியாட்களை மேய்க்கும் சாமிக்கண்ணு மண்டோரின் ஏற்பாடு.

தினமும் அவள் கொண்டுவரும் ரப்பர் பால் வாளியை நிறுப்பவன் நான். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கத்தான் வாயைத் திறப்பேன். அது என்னவோ, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை? உனக்கு இஷ்டந்தானா?" என்று வந்து விழும்.

"பாலை நிறுங்க கிராணி, உறைஞ்சிரப் போவுது" என்பாள். ஒரு வாரமாக இதே பதில்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்க்காரர் ஹாஷிம் பாஸ்களை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. என்னை ஆள்விட்டு அழைத்தார்.

"அபா இனி, கிராணி? என்னா இது?"

"துஹான்தான். எங்க சாமி."

"எந்தச் சாமி?"

"யானை முகச் சாமி. காஜா."

ஹாஷிம் பாஸைத் தலைகீழாகத் திருப்பினார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். "காஜா எங்க?"

"தும்பிக்கை மட்டுந்தான் போட்டிருக்கேன்."

"எல்லாத்துலயும் சின்னது. இந்தப் பொம்பள பாஸ்ல மட்டும் பெருசு." இருசம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். "இவதான் கெத்துவாவா? தலைவியா? காட்டுக்காரன் சிக்னல் லா இது."

லாரிக்குள் சிரிப்பு வெடித்தது. "அடியே, சோறாக்கத் தெரியாத ஒனக்குப் பட்டாளமே இருக்காமே" என்றாள் அத்தை கருப்பாயி.

சாமிக்கண்ணு மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. "என்னா கிராணி, பாஸ் எழுதச் சொன்னா கோலம் போட்டு வச்சிருக்கீங்க? நல்ல நேரம் போவுது லா. அவங்க எந்திரிச்சுப் போய்ட்டா எம்மவள யாரு கட்டுவா?"

நான் கட்டுவேன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. "மன்னிச்சுக்குங்க மண்டோரே" என்றேன்.

"ஆபீஸ் மையில எழுதிக் கொண்டா. அப்பத்தான் லாரி நகரும்" என்றார் ஹாஷிம்.

ஆபீசுக்கு ஓடினேன். சாவி தொலைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாப்பிள்ளை வீட்டார் சலித்துப் போய்க் கிளம்பிவிடுவார்கள். ஆனால் இரவல் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற மண்டோர் கண்ணுக்குள்ளேயே இருந்தார். பாழாய்ப்போன மனசு. சுழியோ வாலோ இல்லாமல், சாவுச் செய்தி மாதிரிக் கருநீலத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்தேன்.

திரும்ப ஓடிவந்து மூச்சிரைக்கக் கொடுத்தேன். ஹாஷிம் தலையாட்டினார். டிரைவர் இஞ்சினை முடுக்கினான். கடைசிப் பாஸ் இருசம்மாளுடையது. நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"போறதுல உனக்கு இஷ்டமா?" என்றேன். மண்டோர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். "இல்லன்னா... என்னையக் கட்டிக்கிறியா?"

லாரியில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் இஞ்சினை அணைத்தே விட்டான்.

"அந்த மாப்பிள்ள எனக்கு வேணாம்" என்றாள் இருசம்மாள். "ஒங்களத்தான் கட்டிக்குவேன். அப்பா இங்கதான் நிக்கிறாரு, கேளுங்க."