வாசலில் நிற்கும் வண்டிக்கு ஒரு திட்டம்

1

இந்தக் கதை என் மூளையில் உதிக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் வழியாக வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு அவ்வளவு அகலந்தான். காதைப் பொத்திக்கொண்டாலொழிய ஒட்டுக்கேட்காமல் இருக்க முடியாது. நான் பொத்திக்கொள்ளவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: “தங்க நாற்கரச் சாலை போடப்பட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், நடுத்தர வர்க்கத்தின் கனவுகள்…” சீ, யார் படிப்பார்கள் இதை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு ஆராவமுதனும் அவர் மனைவி தாராவும் பழைய மாருதி ஒன்று வாங்கியிருந்தார்கள். வண்டி நின்றுபோனால் ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் சேர வேண்டும். தங்கத் திட்டமா, வாசல் திட்டமா? இதுதான் சண்டை.

“தங்கம்னா பெங்களூர் ரோட்டுல எங்க நின்னாலும் லாரி வந்து தூக்கிண்டு போயிடும்,” என்றார் அவர்.

“நாம எப்போன்னா பெங்களூர் போனோம்? நம்ம வண்டி நின்னதெல்லாம் வாசல்லதான். தங்கத்துல வாசல் கிடையாது.”

“வாசல்ல நின்னா தள்ளிக்கலாமே.”

“யார் தள்றா? நான்தானே தள்றேன்.”

மறுநாளே அவர் தங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

2

வண்டி ஏன் எப்போதும் வாசலில் நின்றது? ஆராவமுதன் ராகு காலத்தில் கிளம்ப மாட்டார். அதற்கு முன்பே வண்டியைத் தெருவில் இறக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பியபடியே விட்டு, பாட்டு கேசட்டை ஓடவிடுவார். பரஸ்தானம்* ஆயிற்று. சாவியைப் பிடுங்கினால் பயணம் முடிந்த கணக்காகிவிடுமாம். பிறகு உள்ளே போய்க் காபி, பேப்பர், குளியல். திரும்பி வருவதற்குள் பேட்டரி உயிரை விட்டிருக்கும்.

* நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் ஒரு பையையோ துணியையோ முன்கூட்டி வெளியே வைத்துவிடுவது. வைத்தால் கிளம்பியதாக அர்த்தம். காரையே வைத்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

(முதல் வரைவில் இவரை வில்லனாக்கினேன். ஒட்டவில்லை. தாராவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இவர். வாலாஜாபாத் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை வேலை விளம்பரத்தை வெட்டி அவள் தட்டருகே வைத்தவரும் இவர்தான். நல்ல மனுஷன். எனக்கு அதுதான் இடைஞ்சல்.)

3

திங்கட்கிழமை. பத்து மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வு. “இது போச்சுன்னா இந்த வயசுல இனிமே யாரும் கூப்பிட மாட்டா,” என்று தாரா சொன்னது எனக்கும் கேட்டிருந்தது.

ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை. ஏழரைக்கு முன்பே அவர் காரை வைத்துவிட்டார். எட்டரைக்குத் தாரா பட்டுப் புடவையில் வந்து சாவியைத் திருகினாள். டொக். அவ்வளவுதான். அவர் தள்ளிப் பார்த்தார். வண்டி அசைந்தது, எஞ்சின் அசையவில்லை. இனி நடந்துபோய்ப் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பத்து மணி தாண்டிவிடும்.

“என்னாலதான் தாரா. எல்லாம் என்னாலதான்.”

தாராவின் கண்களில் நீர் திரண்டு…

இல்லை. ஜன்னலில் நின்று பார்த்தவன் நான். அவள் அழவில்லை. உள்ளே போய் டெலிபோனை எடுத்தாள்.

“தங்கத்துல வாசலுக்கு வர மாட்டாளே,” என்றார் அவர்.

“போன வாரமே வாசலுக்கு மாத்திட்டேன். ஓட்டறது நான். என் வண்டி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. அடித்தேன்.

4

கம்பெனி அனுப்பிய ஆனந்தராஜ், செவிலிமேட்டிலிருந்து பைக்கில் பேட்டரியும் வயருமாக வந்து இறங்கினார்.

“போன் வந்ததும் கெளம்பிட்டேம்மா. சாவிய ஏன் சார் இப்டி திருப்பியே வுட்டுக்கினு இருக்கீங்க?”

ஆராவமுதன் கோயில் கோபுரத்தைப் பார்த்தார்.

“நாளைலேந்து பரஸ்தானத்துக்கு உங்க குடையை வைங்கோ,” என்றாள் தாரா. “காரை விட்டுடுங்கோ.”

வயர் மாட்டியதும் வண்டி உறுமியது. “வழியில அணைச்சுடாதே,” என்று கோலத்தை மிதித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார் அவர். அவர் முகத்திலும் சிரிப்புத்தான்.

5

வேலை கிடைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். கிடைக்காததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். என் ஜன்னலிலிருந்து தெருமுனை வரைதான் தெரியும். அந்த முனையில் தாரா, ராகு காலம் முடியும் முன்பே, நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பினாள்.

வாலாஜாபாத்தில் நடந்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. திரும்பி வரும்போது அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள்.