களிமண்ணில் கிடந்த லூயிஸ்

என் அண்ணன் ருலாண்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "எனக்குத்தான் லூயிஸ் இருக்காளே" என்பான். அவன் சொன்ன லூயிஸ் பெண் அல்ல. முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படைகள் தோளில் சுமந்து திரிந்த மெஷின் கன். அவனிடம் இருந்த துப்பாக்கியின் குழாயை அடைத்து, இனி சுடவே முடியாதபடி செய்து, அரசாங்க முத்திரை குத்தியிருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதற்கு எண்ணெய் போடுவான்.

அந்தச் சனிக்கிழமைகளில் அவன் கொட்டகையில் மூன்று பேர் கூடுவார்கள். அண்ணன், என் கணவர் லீவன், கறிக்கடை ஓமேர். பலகைமேல் பழைய போர்வையை விரித்து, துப்பாக்கியைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு பீர் குடிப்பார்கள். கடுகுச்சாந்து தொட்ட பாலாடைக்கட்டித் துண்டுகள் பக்கத்தில் இருக்கும்.

"இந்தச் சுருள்வில்லைப் பாரு ஓமேரண்ணே. கடிகாரத்துல இருக்கிற மாதிரியே. எவன் மூளையில உதிச்சிருக்கும்!" என்பான் அண்ணன்.

"வில்லை விடு. மேல தோட்டா அடுக்குற தட்டு சுத்துற அழகு இருக்கே, அதுக்குத்தான் நான் வர்றேன்."

"நீ பீருக்கு வர்றே ஓமேரண்ணே" என்பார் லீவன்.

அண்ணனிடம் ஒரு வித்தை இருந்தது. அடுப்படித் துணியால் கண்ணைக் கட்டிவிட வேண்டும். ஓமேர் பக்கவாட்டுக் கைப்பிடியை எங்கேயாவது இழுத்து நிறுத்துவார். அண்ணன் அது நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, சுடும்போது அங்கே நின்றால் உள்ளே என்ன சிக்கியிருக்கும், அதை எப்படி எடுக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஒருநாளும் தப்பியதில்லை. நானும் கைதட்டியிருக்கிறேன்.

அந்தப் போர் நடந்த மண் இது; எங்கள் வயலில் ஏர் ஓட்டினால் வெடிக்காத குண்டு வருவது புதிதல்ல. எடுத்துத் தந்திக்கம்பத்தடியில் வைத்துவிட்டால் ராணுவ வண்டி வந்து எடுத்துப் போகும். மார்ச்சில் லீவன் உருளைக்கிழங்கு வயலில் வடிகால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோதும் முதலில் வந்தவை குண்டுகள்தாம். அதற்குப் பிறகு வந்ததைப் பார்த்ததும் அவர் எனக்குச் சொல்லவில்லை. என் அண்ணனுக்குத்தான் போன் போட்டார்.

நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது மூன்று பேரும் பள்ளத்துக்குள் மண்டியிட்டிருந்தார்கள். நீலச் சாம்பல் நிறக் களிமண்ணில் முழு லூயிஸ் ஒன்று படுத்திருந்தது. தட்டுகூட மேலேயே இருந்தது. காற்றுப் புகாத அந்தக் களிமண் அதை அப்படியே வைத்திருந்தது. அண்ணன் அழுதுகொண்டிருந்தான்.

"பாரு கிரேத், பாரு. மரப்பிடிகூட உளுத்துப் போகல. நூறு வருஷமா எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா."

அவன் விரலால் மண்ணை வழித்துக்கொண்டே போனான். ஓமேர் திடீரென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்து."

"ஏன்?"

"நாப்பது வருஷமா எலும்பு வெட்டுறவன் நான். இது மாடும் இல்ல, பன்னியும் இல்ல."

துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு தாடை இருந்தது. பற்கள் எல்லாம் இளம் பற்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பூட்ஸ்.

"போலீசுக்குச் சொல்லணும். இப்பவே" என்றார் ஓமேர்.

"சொல்லலாம்ணே. இதை எடுத்துட்டுச் சொல்லலாம். அவங்க கையில போச்சுன்னா அறுத்துப் போட்டுருவாங்க."

"அண்ணா, அது அவனோடது" என்றேன்.

"அவனுக்கு இனிமே எதுக்கு?"

எல்லோரும் லீவனைப் பார்த்தோம். வயல் அவருடையது. அவர் தொப்பியைக் கழற்றி மாட்டினார். சாலையைப் பார்த்தார். "சீக்கிரம் எடு மச்சான். அப்புறம் நான் போன் போடறேன்."

ஓமேர் மேலே ஏறி, மாட்டுத் தொட்டியில் கை கழுவிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் மண்வெட்டியை அடியில் கொடுத்து, துப்பாக்கியை மண் கட்டியோடு நெம்பினான். சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதைச் சாக்கில் சுற்றி காரில் ஏற்றினான். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டப் போக வேண்டியிருந்தது, போய்விட்டேன். போகும்போது, "நீங்க செஞ்சது தப்பு" என்று இருவரிடமும் சொன்னேன்.

அன்று இரவு லீவன் சாப்பிடவில்லை. போலீசோடு அகழ்வாய்வுக்காரப் பெண் ஒருத்தி வந்தாளாம். சட்டைக் காலர் சின்னத்தைப் பார்த்து, ஆங்கிலேயர் பக்கம் சண்டை போட்ட ஆஸ்திரேலியாக்காரன் என்றாளாம்.

"பள்ளத்துலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. 'இவர் பக்கத்துல கனமா எதுவோ கிடந்திருக்கு, மண்ணுல அச்சு இருக்கு'ன்னா. குண்டா இருக்கும்னு சொன்னேன்."

"நம்பினாளா?"

"'வலது கையைக் காணோமே'ன்னு கேட்டா" என்றார் லீவன். தட்டைத் தள்ளி வைத்தார்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் காய்கறி உறையவைக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகவில்லை. பல் துலக்கும் பிரஷும் மண்ணெண்ணெயுமாகக் கொட்டகையிலேயே கிடந்தான். ஒரு நாள் மத்தியானம் போனில், "வா" என்று மட்டும் சொன்னான்.

போனேன். துப்பாக்கி சுத்தமாக, கறுப்பாகப் பலகைமேல் இருந்தது. முகம் சவரம் செய்யாமல் அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"தட்டுல தோட்டா இருக்கா?"

"இருக்கு. பாதிக்கு மேல."

"பைத்தியமாடா நீ? வெடிச்சிருந்தா?"

அதற்குப் பதில் சொல்லாமல், துப்பாக்கியின் வலது பக்கத்தைக் காட்டினான். சுட்ட தோட்டாக் கூடு வெளியே விழுகிற வாய் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குள் மூன்று சின்ன எலும்புகள் சொருகியிருந்தன. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. விரல்கள்.

"விசையில இல்ல கிரேத் அவன் கை. இதுக்குள்ள இருந்திருக்கு. கைப்பிடி பாதியில நிக்குது பாரு. ஒரு தோட்டா உள்ள சிக்கி, அடுத்தது அதும்மேல ஏறியிருக்கு. நோண்டி எடுக்கப் பாத்திருக்கான். வில் நழுவிக் கையைக் கவ்விக்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஜெர்மன்காரங்க வந்திருப்பாங்க. இவன் கையை இழுத்துக்கிட்டே இருந்திருப்பான். கண்ணைக் கட்டிக்கிட்டு இதைத்தான் நான் ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன். வில்லு எங்க, தோட்டா எங்கன்னு. ஓமேர் பீரை நீட்டுவாரு. நீங்க கைதட்டுவீங்க."

எலும்பை எடுக்க முயன்றாயா என்று கேட்டேன். உடையாமல் வராது என்றான். பள்ளத்தில் நெம்பியபோதே மணிக்கட்டைத் தானே உடைத்துவிட்டதாகவும் சொன்னான். பிறகு எழுந்து கோட்டை மாட்டினான்.

"வண்டியை நீ ஓட்டு. எனக்குக் கை நிக்காது."

காவல் நிலையத்தில் சாக்கைப் பிரித்ததும் பெரிய களேபரம். "ஏய்யா, வெடிக்கிற தோட்டாவை மேசைமேல கொண்டாந்து வைக்கிறியே, அறிவிருக்கா!" என்று கத்திக்கொண்டே அதிகாரி எல்லோரையும் தெருவுக்குத் துரத்தினார். குண்டைச் செயலிழக்கச் செய்யும் ராணுவ வண்டி வரும்வரை அண்ணனும் எங்களோடு நடைபாதையில் நின்றான். எதிர்க்கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

போலீஸ் கேட்டதற்கெல்லாம் அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டான். அதனால் லீவன் பெயரும் வந்தது. இருவருக்கும் அபராதம். துப்பாக்கி வைத்திருக்க அண்ணனுக்கு இருந்த அனுமதியை ரத்து செய்து, கொட்டகையில் இருந்ததையெல்லாம் எடுத்துப் போனார்கள். அவனுடைய பழைய லூயிஸை அறுத்துவிட்டார்களாம். அதை நான் சொன்னபோது அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"போட்டுக் குடுத்துட்டான் உன் அண்ணன்" என்றார் லீவன். "என் வயலு, என் போனு. நான் கூப்பிடலைன்னா அவனுக்கு அது தெரிஞ்சே இருக்காது."

"கூப்பிட்டிருக்கக் கூடாது."

"அண்ணனுக்கேத்த தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அண்ணன் பெயரையும் எடுக்கவில்லை.

மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தப் பையனை அடக்கம் செய்தார்கள். பல்லிலிருந்து எடுத்த மரபணுவுக்கு ஆஸ்திரேலியாவில் சொந்தக்காரர் யாரும் கிடைக்கவில்லை. பெயர் பொறிக்காத கல்லைத்தான் நட்டார்கள். மழை சாய்வாக அடித்தது. தூதரகத்திலிருந்து ஒருவர் வந்து இரங்கலுரை படித்தார், காகிதம் நனைந்து கையில் ஒட்டிக்கொண்டது. லீவன் வரவில்லை, கிழங்கு தோண்ட வேண்டும் என்றார்.

அண்ணன் கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்கு வெளியே, சாலை ஓரத்தில் நின்றான். நான் அகழ்வாய்வுக்காரப் பெண்ணிடம் போய் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அவரோடயே சேத்துட்டோம்மா. விரல் எல்லாமே. நானே வெச்சேன்."

வெளியே வந்து அவனிடம் சொன்னேன். சரி என்றான். ஓமேர் குடையோடு வந்து அவன் பக்கத்தில் நின்று, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா ருலாண்ட். என் வீட்டுக்காரி முயல் சமைக்கிறா" என்றார்.

"வேணாம்ணே. இப்ப வேணாம்."

ஓமேர் வற்புறுத்தவில்லை. குடையை அவன் கையில் திணித்துவிட்டு நனைந்துகொண்டே போனார். அண்ணன் அதை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாக நடந்து போனான். காரில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டேன். கேட்டிருக்கும். அவன் திரும்பவில்லை.