அய்வாலிக்கா, அர்பெக்கினாவா?

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. ஓசியில் வந்த சரக்கைச் சந்தேகப்படு என்பார் என் அப்பா. எங்கள் ஊர் அய்வாலிக் சந்தையில் ஆலிவ் எண்ணெய் வியாபாரம் அவருக்கு. சந்தேகப்பட்டுக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். நானும் போட்டுக்கொண்டேன்.

நடந்தது இதுதான். எதிர்வீட்டு பெத்ரி அண்ணனும் அவர் மனைவி நெர்மின் அக்காவும் நாற்றுப் பண்ணைக்குக் கிளம்பும்போது, பேரம் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். எழுத்தாளன் என்பதற்காக இல்லை. அதை அவர்கள் ஒரு வியாதி மாதிரி நினைத்து, என் முன்னால் பேசாமல் நாகரிகம் காப்பார்கள். கடைக்காரன் மகன் என்பதற்காக.

அவர்களுடைய பழைய புகையிலை நிலம், ஐந்து ஏக்கர் தேறும், சும்மா கிடக்கிறது. அதில் ஆலிவ் தோப்பு வைக்கப் போகிறார்கள். சேமிப்பு மொத்தமும் அதில்தான். பெத்ரிக்கு அறுபத்து மூன்று, நெர்மினுக்கு ஐம்பத்தைந்து. தப்பான வகையை நட்டுவிட்டால் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்க முடியாது.

எந்த வகை? அதுதான் கதை. கொலை, கள்ளக்காதல் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: வளைகுடாவிலிருந்து எழுந்த காற்று ஆலிவ் இலைகளைப் புரட்ட, அவற்றின் வெள்ளி முதுகு

(வேண்டாம். இந்தக் கரையில் பேனா பிடித்த அத்தனை பேரும் அந்த வெள்ளியை எடைபோட்டு விற்றுத் தீர்த்துவிட்டார்கள்.)

இரண்டாவது: பெத்ரி பிடிவாதக்காரர்.

(பொய். பிடிவாதம் அந்த வீட்டில் நெர்மின் அக்காவின் சீதனம். பெத்ரி அதில் கடன் வாங்கித்தான் காலம் தள்ளுகிறார்.)

மூன்றாவது: ஊர்ப் பெயரையே சுமக்கும் எங்கள் அய்வாலிக் ஆலிவ் மரம் ஒழுங்காகக் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். ஆனால் காய்க்கத் தொடங்கினால் நம்மைப் புதைத்துவிட்டும் நிற்கும். தண்ணீர் கேட்காது. அர்பெக்கினா ஸ்பெயின்காரி. வேலி போல நெருக்கி நட்டால் மூன்றாம் வருஷமே காய். ஆனால் சொட்டுநீர், அறுவடை மெஷின் என்று சீராட்ட வேண்டும். பதினைந்து இருபது வருஷத்தில் ஓய்ந்துவிடுவாள், பிடுங்கிவிட்டு மறுபடி நட வேண்டும்.

இது தொடக்கம் இல்லை, உர மூட்டையின் பின்பக்கம். ஆனாலும் அடித்துவிட மனமில்லை. இது தெரியாமல் நீங்கள் மேலே நடந்தால் வழுக்கி விழுவீர்கள்.

3

பண்ணைக்காரர் பெயர் ஹுல்கி. முதல் பிரதியில் அவருக்கு ஒரு தங்கப் பல் வைத்திருந்தேன், ஏமாற்றுக்காரர் என்று தெரியட்டும் என்று. நேரில் அவருக்கு எல்லாமே சொந்தப் பல். ஏமாற்றவும் இல்லை. தேநீர் கொடுத்தார், கிளாஸுக்கு இரண்டு சர்க்கரைக் கட்டி வைத்தார். வில்லனை இழந்ததில் கதைக்கு நஷ்டம்தான். தாங்கிக்கொள்கிறேன்.

"சொல்லுங்க அண்ணே, எதை வண்டில ஏத்தட்டும்?"

பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். டீக்கடையில் அர்பெக்கினா புகழ் பாடாத நாள் பெத்ரிக்குக் கிடையாது. 'அந்த எண்ணெயை வண்டிச் சக்கரத்துக்கு ஊத்து' என்பதுதான் நெர்மினின் நிரந்தர பதில்.

"அய்வாலிக்," என்றார் பெத்ரி.

"அர்பெக்கினா," என்றார் நெர்மின்.

ஹுல்கி சிரித்துவிட்டார். "என்னக்கா, வர்ற வழியில தலையை மாத்தி மாட்டிக்கிட்டீங்களா?"

பெத்ரி மனைவி பக்கம் திரும்பினார். "நேத்து வரைக்கும் வெளியூர்க்காரின்னு திட்டினியே?"

"திட்டினேன். மருமகள்னா முதல்ல திட்டத்தான் செய்வாங்க. அப்புறம் பழகிடும்."

"எண்ணெய்ல ருசியே இல்லைன்னு சொன்னது யாரு?"

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு. விடு. மூணாம் வருஷம் காய் வேணும்."

"என்ன அவசரம்? கப்பலா கிளம்புது?"

நெர்மின் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இடமில்லாததால் இங்கேயே: வாங்குகிறவன் விலையை இறக்குவான், விற்கிறவன் ஏற்றுவான். இரண்டு பேரும் தங்களுக்குப் பிடிக்காத பக்கமாகவே இழுத்தால், பேரம் மேஜையில் இருக்கும் சரக்குக்கு நடக்கவில்லை என்று அர்த்தம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.)

"பாதி பாதி போடுங்களேன்," என்றார் ஹுல்கி.

"ஒண்ணு பழுக்கிறப்ப இன்னொண்ணு பச்சையா நிக்கும். அஞ்சு ஏக்கருக்கு ரெண்டு அறுவடையா? ஊர் சிரிக்கும்," என்றார் பெத்ரி. அதில் மட்டும் இருவரும் ஒரே கட்சி.

"அண்ணே, அய்வாலிக்ல தொல்லை ஒண்ணு உண்டு, தெரியாததா? காத்திருந்து காத்திருந்து, கடைசில அது 'இல்லை' வருஷமாப் போயிட்டா?"

(மரம் காய்த்துக் குலுங்கும் வருஷத்துக்கு எங்களிடம் 'உண்டு' என்று பெயர். அடுத்தது ஓய்வெடுக்கும் வருஷம், அது 'இல்லை'. கல்யாணங்கள் 'உண்டு' வருஷத்தில் நடக்கும். சண்டைகள் 'இல்லை' வருஷத்தில்.)

"போகட்டுமே!" என்றார் பெத்ரி. "'இல்லை' வருஷம்னா மரம் செத்தா போச்சு? நெர்மின், கொஞ்சம் யோசி. பதினஞ்சு வருஷத்துல இந்த ஸ்பெயின்காரி படுத்துடுவா. அப்ப உனக்கு எழுபது. மெஷின்காரன் பின்னாடி நீ ஓடுவியா? யாரு பிடுங்குறது, யாரு நடுறது? அய்வாலிக்னா தண்ணி வேணாம், ஆள் வேணாம். நீ பாட்டுக்கு..."

அங்கே நின்றுவிட்டார்.

'நமக்கு' என்று வரவேண்டிய இடத்தில் 'உனக்கு' வந்துவிட்டது. ஹுல்கிக்கும் கேட்டது. தேநீர் கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

4

இங்கே கதாசிரியன் கொஞ்சம் உள்ளே வர வேண்டும். போன மாதம் டிராக்டருக்கு பம்பு வாங்க என்று பெத்ரி பெரிய நகரமான இஸ்மிருக்குப் போய்வந்தார். பம்பு வரவில்லை. அவர் சட்டையைத் துவைக்கும்போது நெர்மின் கையில் மாத்திரை அட்டை சிக்கியது. மருந்துக் கடையில் கேட்டதற்கு, இதயத்துக்கு என்றார்களாம். என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் 'மட்டும்' சொன்னது எனக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்?

ஆக, பெத்ரி கண்ணால் காய் பார்க்கட்டும் என்று நெர்மின் சீக்கிரம் காய்ப்பதைக் கேட்கிறார். தனியாக இருந்தாலும் நெர்மினால் சமாளிக்க முடியட்டும் என்று பெத்ரி நிதானமானதைக் கேட்கிறார். ஒருவர் மனத்தில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது என்று இருவரும்

(இந்த வாக்கியத்தை முடித்தால் 'அன்பு' என்று எழுத வேண்டியிருக்கும். எங்கள் கடையில் அது சில்லறையில் விற்பதில்லை. அடுத்ததுக்குப் போவோம்.)

முடிவு ஒன்று: மூன்றாம் வருஷம், முதல் அறுவடையன்று, பெத்ரி

(இல்லை. எதிர்வீட்டு மனிதரைக் கொன்று கண்ணீர் விற்க மாட்டேன். காலையில் கதவைத் திறந்தால் அவர் முகத்தில்தான் விழிக்கிறேன்.)

முடிவு இரண்டு: பல வருஷம் கழித்து, தள்ளாத வயதில் இருவரும் மர நிழலில்

(இது நன்றாக விற்கும். ஆனால் தராசில் என் விரலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.)

5

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

"எனக்கு எழுபது, சரி," என்றார் நெர்மின். "அப்ப உனக்கு?"

"கணக்குப் போட்டுக்கோ."

"போட்டாச்சு. உன் வாயால சொல்லு."

பெத்ரி நாற்றுகளைப் பார்த்தார்.

"சரி. நான் இறங்கி வர்றேன்," என்றார் நெர்மின். "உன் அய்வாலிக்கையே நடுவோம். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு."

"என்ன விலை?"

"இஸ்மிர்ல டாக்டர் என்ன சொன்னார்? இங்கயே சொல்லணும், இப்பவே. பம்பு வாங்கப் போனவன் சட்டைப்பையில மாத்திரை எப்படி முளைச்சுது?"

பெத்ரி சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அப்புறம், கடவுள் சாட்சியாக, லேசாகச் சிரித்தார். "விலை ஜாஸ்தி."

"ஒரே விலை."

"கொஞ்சம் குறை. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"வீட்டுல நீ மழுப்புவ. இவங்க நிக்கட்டும்."

ஹுல்கி என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். "பேரம் முடிக்கத்தானேப்பா வந்த? பிடி கையை!"

எங்கள் மாட்டுச் சந்தையில் பேரம் இழுத்தால் மூன்றாவது ஆள் நடுவில் புகுந்து இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து மேலும் கீழும் ஆட்டுவான். இருவர் வாயிலிருந்தும் 'ஆச்சு' வரும்வரை விட மாட்டான். நானும் பிடித்தேன். அக்காவின் கை சூடாக இருந்தது. அண்ணனுடையது, இவ்வளவு நேரம் தேநீர் கிளாஸைப் பிடித்திருந்தும், சில்லென்று இருந்தது.

"டேய், நீ யார் பக்கம்டா?" என்றார் பெத்ரி.

"கமிஷன் பக்கம் அண்ணே."

நெர்மின் சிரித்தார். சிரித்தபடியே கணவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெத்ரி மூச்சை இழுத்தார். "டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

அந்த வாக்கியத்தின் மிச்சம் எனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டுதான் நின்றேன். வண்டியில் எந்த நாற்று ஏறியது என்பதும் தெரியும். இரண்டையும் விலைக்குத் தருவதாக இல்லை.

வாசகரே, எழுந்து இப்படி வாருங்கள். இடது கையில் அண்ணன் கை, வலது கையில் அக்கா கை. இறுக்கிப் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் 'ஆச்சு' சொன்னால் போதாது, இரண்டு பேரும் சொல்ல வேண்டும். அதுவரை விட்டுவிடாதீர்கள்.

பிடித்துவிட்டீர்களா? நான் கையை எடுக்கிறேன்.