கறுப்பு பாட்டிலைத் தொடாதே

வேனின் பின்கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது நாற்றம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தேன்.

நான் நர்ஸ். சீழ் வடிகிற புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு, கையைக் கழுவி, அடுத்த நிமிஷம் டிபன் பாக்ஸைத் திறக்கிற ரகம். எனக்கே குமட்டியது.

வியர்வை ஊறி, காய்ந்து, உப்புப் பூத்து, மறுபடி ஊறிய பனியன்கள். தொடை இடுக்கில் தடவுகிற களிம்பு டப்பா, மூடியில்லாமல். கறுத்துப்போன வாழைப்பழத் தோல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'அவசரத்துக்கு' என்று அவர் வைத்திருந்த அகன்ற வாய் பாட்டில். அதைக் கொட்டிக் கழுவுவது என் உத்தியோகம்.

அவர் என்றால் என் கணவர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். சைக்கிள் சங்கத்தில் அவருக்குப் பட்டம் 'மலைச்சிங்கம்'. மலைத்தொடர் முழுக்க அவர் சைக்கிளில் வருகிறார். நான் வேனில் பின்னாலேயே வந்து, தண்ணீர் கொடுத்து, செயினைத் துடைத்து, துணி அலசி, லாட்ஜில் அறை பிடிக்கிறேன். போட்டோவில் அவர் மட்டும் வருவார்.

இன்றைக்குக் கடைசி மலை. மற்ற மலைகளெல்லாம் சும்மா. அவருக்கு வேண்டியது இதுதான். இதை ஏறுவதில் ஒரு ரெக்கார்டு இருக்கிறது. உச்சியில் சங்கம் வைத்த பலகையில், ஒரே ஒரு பெயர். என் தம்பி பெயர்.

அவன் அந்தப் பெயரை எழுத வைத்த அடுத்த வருஷமே, வேறொரு இறக்கத்தில் விழுந்தான். முதுகெலும்பு போயிற்று. இப்போது ஜன்னலோரம் சக்கர நாற்காலி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவனிடம் மிச்சமிருப்பது அந்தப் பலகையும், கீறலோடு பிழைத்த அவன் சைக்கிளும்தான்.

அந்த சைக்கிளைத்தான் என் கணவர் கேட்டு வாங்கினார். "உன் சைக்கிள்லயே உன் மலைய ஏறப் போறேன்டா மச்சான்!" என்று கட்டிப்பிடித்தார். தம்பி அழுதுவிட்டான். "ரெக்கார்டுன்னா ஒருநாள் உடையணும் மாமா. நேர்மையா உடைச்சா எனக்குப் பெருமைதான்" என்றான். கியர் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தான்.

போதாததற்கு, முதல் நாளிலிருந்தே அவர் மார்பில் ஒரு பட்டை. எவ்வளவு வேகம், இதயம் எப்படி அடிக்கிறது, எல்லாம் வீட்டில் தம்பியின் கம்ப்யூட்டரில் அந்தந்த நொடியே தெரியும். அது அவரே கேட்டு மாட்டிக்கொண்டது. "மாமா வர்ற ஸ்பீடைப் பார்த்து அவன் வாயைப் பொளக்கணும்."

மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, பூட்டிக்கிடந்த ஒரு தபால் ஆபீஸ். அவர் டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்தார். உள்ளே பெஞ்சில், நேரம் குறிக்கச் சங்கம் அனுப்பிய பெரியவர் பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை 'ஸ்டாப்வாட்ச் சார்' என்பார்கள். மலை ஏறும்போது அவர் என் வேனில்தான் வரவேண்டும்.

நான் பாட்டில்களைக் கழுவ உட்கார்ந்தேன். சைக்கிளில் இரண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"கறுப்பு பாட்டில மட்டும் தொடாத. அதுல ஸ்பெஷல் பவுடர் கலக்கி வெச்சிருக்கேன், நானே பாத்துக்கறேன்." கிளம்பிய நாளிலிருந்து இதே பாட்டு. அவர் அதில் குடித்து நான் பார்த்ததில்லை. கழுவியும் பார்த்ததில்லை. உள்ளே என்னென்ன பூஞ்சை பிடித்திருக்குமோ? நர்ஸ் புத்தி கேட்கவில்லை. உருவினேன்.

கனத்தது. ஆட்டினேன். தண்ணீர் ஆடவில்லை. மூடியைத் திருகினால் திரும்பவில்லை, ஒட்டியிருந்தது. கவிழ்த்தால் அடியில் செப்புத் தகடுகள்.

சைக்கிளைப் பார்த்தேன். பாட்டில் உட்காருகிற இடத்தில், என் தம்பி வாரம் தவறாமல் மெழுகு போட்டுத் துடைத்த சட்டத்தில், ஒரு துளை. துளைக்குள் ஒயர். ஓரங்களில் பெயின்ட் உரிந்து, அரத்தால் ராவிய இரும்பு பல்லைக் காட்டியது.

பேட்டரி. உள்ளே எங்கேயோ மோட்டார். 'சர்வீசுக்கு விடறேன்' என்று வெளியூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனது இதற்குத்தான்.

சிங்கமாம்.

கத்தியிருக்கலாம். ஸ்டாப்வாட்ச் சார் பத்தடியில்தான் இருந்தார். ஆனால் கத்தினால் சாயங்காலத்துக்குள் தம்பிக்குத் தெரியும். 'எங்க மாமா' என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவன். தன் சைக்கிளைத் துளைத்த விஷயம் அவனைக் கொன்றுவிடும்.

வேனில் சங்கம் கொடுத்த கறுப்பு பாட்டில் இன்னொன்று இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பிச் செருகினேன். பேட்டரியை என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். மோட்டார் ஓடாது. அவர் தோற்பார். பலகை அப்படியே இருக்கும். யாருக்கும் தெரியவேண்டாம். அவ்வளவுதான் என் திட்டம்.

"ரெடியா சார்?" என் கணவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "இன்னிக்கு சரித்திரம்!"

"ஓட்டுங்க தம்பி, சரித்திரத்த நான் குறிச்சுக்கறேன்" என்று ஸ்டாப்வாட்ச் சார் முன்சீட்டில் ஏறினார். ஏறியதுமே மூக்கைப் பொத்தினார். "என்னம்மா, வேன்ல ஏதாச்சும் செத்துக் கிடக்கா?"

"இன்னும் சாகல சார்" என்றேன்.

முதல் வளைவுவரை கால்கள் ஜோராகச் சுற்றின. இரண்டாவதில் செங்குத்து ஆரம்பம். அவர் கட்டைவிரல் ஹேண்டிலுக்கு அடியில் எதையோ அழுத்தியது. மறுபடி அழுத்தியது. மறுபடியும். வேனை நெருக்கி ஓட்டியதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கழுத்து சிவந்தது. சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. மோட்டாரின் கனத்தையும் சேர்த்து இப்போது அவரே இழுக்க வேண்டும்.

மூன்றாவது வளைவில் காலை ஊன்றி நின்றுவிட்டார். இருமி, காறி, சாலையில் துப்பினார். என்னைப் பார்த்து விரலால் சொடுக்கினார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று இறங்கினேன். வேனுக்குப் பின்னால் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"பாட்டில் எங்க?"

"அதோ, சைக்கிள்லதான இருக்கு."

"விளையாடாத. என் பாட்டில் எங்கடி?"

"ஓ, அந்த ஸ்பெஷல் பவுடரா? ஏங்க, பவுடர ராத்திரி பிளக்ல போட்டு சார்ஜ் ஏத்துவீங்களா?"

முகத்தில் நிறம் மாறியது. வெட்கப்படுவார் என்று ஒரு நொடி நம்பினேன். என் முட்டாள்தனம். அவர் சிரித்தார். வாயோரம் காய்ந்த எச்சிலோடு சிரித்தார்.

"எல்லாரும் பண்றதுதான். நீ பெருசா எடுத்துக்காத. சார் வாட்ச் ஓடிட்டிருக்கு, குடு சீக்கிரம்."

"அது என் தம்பி ரெக்கார்டு."

"அவன் இனிமே சைக்கிள்ல உக்காரவா போறான்? அவனுக்கு எதுக்கு ரெக்கார்டு? அங்க பலகைல சும்மாதான கிடக்கு!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய அழுக்கு எதையும் நான் அருவருத்ததில்லை. காய்ச்சலில் வாந்தியைக் கையில் ஏந்தியிருக்கிறேன். இப்போது என் முழங்கையில் இருந்த அந்தக் கையின் ஈரம் புழு ஊர்கிற மாதிரி இருந்தது. உதறினேன்.

"தர மாட்டேன். காலு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டு வேன்ல ஏறுங்க. நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்."

அப்போது போன் அடித்தது. தம்பி. எடுப்பதற்குள் அவர் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டார். ஸ்டாப்வாட்ச் சார் கால் மரத்துப்போய் இறங்கி எங்கள் பக்கமாக நொண்டி வந்துகொண்டிருந்தார்.

"மாமா, ஏன் நின்னுட்டீங்க? ஏதாச்சும் அடியா?"

"அடியெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றார் என் கணவர், ஸ்டாப்வாட்ச் சாருக்கும் கேட்கிற மாதிரி. "நீ செட் பண்ணின கியர்தான் கோளாறு. மேட்டுல ஒண்ணும் புடிக்க மாட்டேங்குது. உனக்கு இப்பல்லாம் கை சரியா வரல போலிருக்கு, என்ன பண்றது. என் உழைப்பெல்லாம் உன்னால வீணாப் போச்சு."

"சாரி மாமா" என்றான் தம்பி. "என் தப்புதான்."

அவ்வளவுதான். என் திட்டம், மானம், குடும்ப கௌரவம் எல்லாவற்றின் மேலும் காறித் துப்பவேண்டும் போல ஆயிற்று. போனைப் பறித்தேன்.

"டேய், உன் கியர்ல ஒரு குறையும் இல்ல. உன் சைக்கிளத் தொளை போட்டு உள்ள மோட்டார் வெச்சிருக்காரு. இத்தன நாளும் அதுலதான் ஏறினாரு. பேட்டரிய நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"பொய்!" என்றார் அவர். "சார், இவளுக்குத் தலைவலி மாத்திரை ஒத்துக்கல..."

ஸ்டாப்வாட்ச் சார் போய் சைக்கிளை ஒரு கையால் தூக்கப் பார்த்தார். பின்சக்கரம் தரையை விடவில்லை. "சைக்கிளா இது, அம்மிக்கல்லா?" என்றார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு என் கணவர் பக்கம் திரும்பினார். "இத நான் சங்கத்துல சொல்லித்தான் ஆகணும் தம்பி."

போனில் தம்பி மூச்சுவிடுவது கேட்டது. அழுகிறான் என்று நினைத்தேன்.

"எனக்கு மொத நாளே தெரியும்க்கா."

"என்னடா சொல்ற?"

"மேட்ல பறக்கறாரு. இதயம் என்னடான்னா, சோபாவுல சாஞ்சு டிவி பாக்கறவன் மாதிரி அடிக்குது. அந்த மேட்டுல என் இதயம் வாய் வழியா வெளிய வரப் பாக்கும்க்கா. மனுசன் ஏமாத்தலாம், அந்தப் பட்டைக்கு ஏமாத்தத் தெரியாது."

என் கணவர் தன் மார்பைத் தொட்டுப் பார்த்தார். பட்டை வேகத்தோடு இதயத்தையும் காட்டும் என்பதை அவர் சுத்தமாக மறந்திருந்தார்.

"தெரிஞ்சுமா சாரி கேட்ட? ஏன்டா?"

"நீ அவரோட அதே வீட்ல குப்பை கொட்டணுமே. ஒரு பலகைதான, போயிட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

எனக்காக அவன் விழுங்கியிருக்கிறான். அவனுக்காக நான் விழுங்கப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் இந்த அசிங்கத்தை விழுங்கி விழுங்கி இவரைச் சிங்கமாக்கி வைத்திருக்கிறோம்.

"குப்பை கொட்டறது இன்னியோட முடிஞ்சுதுடா" என்றேன்.

வேனின் பின்பக்கத்தில் இருந்த பனியன், களிம்பு, தோல், பாட்டில் எல்லாவற்றையும் அள்ளி அவர் காலடியில் போட்டேன். அகன்ற வாய் பாட்டில் உருண்டு அவர் ஷூவில் முட்டி நின்றது. பிறகு ஸ்டாப்வாட்ச் சாரும் நானுமாக சைக்கிளைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தோம். துளை இருந்த பக்கம் மேலே.

"ஏய், நான் எப்படி வர்றது? இந்த ஷூவுல நடக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பெடலில் கொக்கி மாட்டுவதற்காக அடியில் இரும்பு வைத்த ஷூ அது. சாலையில் நான்கு எட்டு வைத்தால் வழுக்கும். நான்தான் தினமும் மண்டியிட்டுக் கழற்றிவிடுவேன்.

வண்டியைக் கிளப்பினேன். நான்கு ஜன்னலையும் இறக்கினேன். ஸ்டாப்வாட்ச் சார் முதல்முறையாக மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"அக்கா," மடியில் கிடந்த போனிலிருந்து தம்பி கேட்டான், "மாமாவ ஏத்திக்கிட்டியா?"

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். சைக்கிள் வேனை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது.

"இடமில்லடா" என்றேன்.